பாட்டுக்குப் படம் – 11: பாட்டி பேசாத கேசட்

சென்ற அத்தியாயத்தை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நிறுத்தியிருந்தேன். சென்னைத் தொலைக்காட்சியில் ‘ஒளியும் ஒலியும்’ ஓடிக்கொண்டிருக்க, தெருவில் ஆள் நடமாட்டமே இல்லாத நேரம். இந்த வாரம் அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டுக்குள் நுழைவோம். வீடு எங்கள் வீடுதான். ஊர் கண்ணமங்கலம்.

வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவே இருக்கிற ஊர். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விரித்துப் போடும் சேலைகளில் எங்கள் பக்கத்துத் தறிகளில் அறுத்தவையும் உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியைக் குழித்தறி எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில்தான் படித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். தறிக்கு மேலே பரண். போன பொங்கலுக்கு முன்பு அந்தப் பரணைத் தட்டித் துடைத்தபோது, பழைய அச்சுக்கும் நூலறுந்த ஜக்கார்டு அட்டைகளுக்கும் நடுவில் ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடைத்தது. முதுகில் நீல மையால் சித்தியின் பெயர், சித்தப்பாவின் பெயர், இரண்டுக்கும் நடுவே அம்பு துளைத்த இதயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த கல்யாணம் அது. இன்னும் ஓடுகிற ‘டெக்கு’ வைத்திருக்கும் ஒருவரை வேலூரில் தேடிப் பிடித்து, குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் ஒரு தாமரை மொட்டு. அது விரிந்தால் உள்ளே சித்தியின் முகம். இதய வடிவத் துளைக்குள் சித்தப்பா தலையைத் திருப்புகிறார். ஒரு தரம் திருப்பியது போதாதென்று மூன்று தரம் திருப்புகிறார். திரை நான்காகப் பிளந்து நான்கிலும் தாலி. அரக்குச் சேலையில் சித்தி மணமேடைக்கு மெதுவாக, மிக மெதுவாக நடந்து வருகிறாள். பின்னால் அந்த வருடம் ஊரெல்லாம் ஒலித்த சினிமாப் பாட்டு.

நடுவில் பாட்டி வருகிறாள். கேமராவை நேரே பார்த்து, விரலை ஆட்டி ஏதோ சொல்கிறாள். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. அந்தக் கேசட் முழுவதிலும் பாட்டியின் குரலில் ஒரு சொல் இல்லை. நாகஸ்வரம் இல்லை. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம்கூட இல்லை.

“நல்லாத்தான்டா எடுத்திருக்கான் அந்தப் பையன், சினிமா கணக்கா” என்றாள் சித்தி.

சரியாகத்தான் சொன்னாள். கண்ணமங்கலத்தில் எடுக்கப்பட்ட பாட்டுப் படங்கள் எவை என்று யாராவது கேட்டால், இந்தக் கல்யாணக் கேசட்டுகளைத்தான் நான் காட்டுவேன். தமிழ் சினிமா அறுபது வருடமாகப் பாட்டுக்காகக் கண்டுபிடித்த வித்தைகள் எல்லாம் அதில் இருந்தன. கூடவே அந்த வித்தைகள் கேட்கும் விலையும் இருந்தது. பாட்டியின் குரல்தான் அந்த விலை.

அந்த வித்தைகளும் விலையும் எங்கள் ஊர்க் கேசட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் இந்த வாரக் கதை.

பாவு முன்னே, ஊடை பின்னே

1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானது. அந்தக் காலத்துப் பேசும் படங்களில் பாட்டு என்றால் நடிகரே பாட வேண்டும், அதுவும் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே. வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் எங்காவது ஒண்டிக்கொண்டு வாசிப்பார்கள். மைக்கை விட்டு நான்கடி நகர்ந்தால் குரல் தேய்ந்துவிடும் என்பதால் பாடுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்பார். அவர் நின்றால் கேமராவும் நிற்கும். பாட்டின் நடுவே வெட்டினால் சுருதியும் தாளமும் தப்பும் என்பதால் எடிட்டருக்கும் வேலை குறைவு. கச்சேரி மேடையை எட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான் பாட்டுகள் இருந்தன.

1935-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் நிதின் போஸ் இந்த முடிச்சை அவிழ்த்தார். ராய்சந்த் போரால் இசையமைத்த ‘பாக்ய சக்ரா’ என்ற வங்காளப் படத்திலும் அதன் இந்தி வடிவமான ‘தூப் சாவ்’விலும் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, பிறகு அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை வாயசைக்கச் செய்தார்கள். தமிழில் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ (1938) படத்தில் லலிதா வெங்கட்ராமன் இன்னொருவருக்காகப் பின்னணி பாடினார்.

பின்னணி பாடுவதன் கதையை எழுதுகிறவர்கள், பாடத் தெரியாதவர்களும் நடிகராக முடிந்தது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கேமராக்காரருக்கும் எடிட்டருக்கும் நடந்தது அதைவிடப் பெரிய விஷயம். வேலையின் வரிசையே தலைகீழானது. மற்ற எந்தக் காட்சியிலும் படம் முதலில், ஒலி அதன் பிறகு. பாட்டில் மட்டும் ஒலி முதலில் முடிந்துவிடுகிறது. எத்தனை நிமிடம், எங்கே சரணம், எங்கே வயலின், எங்கே மூச்சு வாங்குகிற இடைவெளி என்பதெல்லாம் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

எங்கள் தெருவில் இதை விளக்க ஒரு நொடி போதும். பாட்டு என்பது பாவு. தறியில் பாவு ஏற்றியாயிற்று என்றால் சேலையின் நீள அகலம் முடிவான மாதிரிதான். அதற்குப் பிறகு நெசவாளி கையில் மிஞ்சுவது ஊடை. எந்த நிறத் தாரை நாடாவில் போடுவது, எங்கே புட்டா எடுப்பது, முந்தானை எங்கே தொடங்குவது என்பதுதான் அவர் கையில். இயக்குநரும் எடிட்டரும் பாட்டில் செய்வது அதைத்தான். பாவை அறுக்காமல் எதை வேண்டுமானாலும் ஊடே விடலாம். ஒரு வரி மதுரையில், அடுத்த வரி காஷ்மீரில். ஒரு வரியில் பச்சைச் சேலை, அடுத்த வரியில் மஞ்சள். பாட்டு அறுபடாமல் ஓடுகிறவரை பார்க்கிறவர் கேள்வி கேட்பதில்லை. பிறகு வந்த எல்லா வித்தைக்கும் இந்த அனுமதிச் சீட்டைக் கொடுத்தது பின்னணிப் பதிவுதான்.

பொம்மைத் தலையில் விழுந்த வெளிச்சம்

அனுமதி கிடைத்தும் அதை நம்மவர்கள் உடனே பயன்படுத்திக்கொள்ளவில்லை. பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் தமிழே தெரியாத ஓர் அமெரிக்கர். எல்லிஸ் ஆர். டங்கன் 1935-ல் இந்தியாவுக்கு வந்து, 1936-ல் ‘சதி லீலாவதி’ எடுத்து, 1945 தீபாவளிக்கு வந்த ‘மீரா’வோடு தமிழ்த் திரையில் தன் பெயரை நிலைநாட்டினார்.

‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்துக்கு ஒளி அமைக்க டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் செய்த ஏற்பாடு இன்றைக்கும் பாடமாகச் சொல்லத் தக்கது. எம்.எஸ்ஸின் தலையை மட்டும் ஒரு சிலையாகச் செய்யச் சொன்னார்கள். அந்தப் பொம்மைத் தலையை வைத்துக்கொண்டு மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டிலிருந்து விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் விழுந்தால் முகம் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடும் முகத்தை அருகில் போய்க் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்த பிறகு வந்த கவலை அது. எட்டத்தில் நிற்கும் கேமராவுக்கு இந்தக் கவலை கிடையாது.

அதே படத்தில் குழந்தை மீரா பாடத் தொடங்கி, பாட்டு ஓடும்போதே வளர்ந்த மீராவாகிறாள். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரே பாட்டுக்குள் போய்விடுகிறது. பாட்டு அறுபடாததால் காலம் அறுபட்டது நமக்கு உறைப்பதில்லை. கதாநாயகன் ஓடிக்கொண்டே பெரியவனாவதை அதன் பிறகு நூறு படங்களில் பார்த்துவிட்டோம்.

மூன்று வகை மெதுவு

சித்தி அவ்வளவு மெதுவாக நடந்து வந்தாள் என்றேன். அந்த மெதுவுக்கும் ஒரு வம்சாவளி உண்டு.

சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். அதே கேமராவை நொடிக்கு 48 கட்டங்கள் ஓடவிட்டுப் படம் எடுத்து, திரையில் வழக்கம்போல 24-ல் ஓட்டினால் நடை பாதி வேகமாகிறது. கூந்தல் மிதக்கிறது, தாவணி காற்றில் தங்குகிறது. ஆனால் பாட்டில் ஒரு சிக்கல். உடம்பு பாதி வேகமானால் உதடும் பாதி வேகமாகும், பாட்டு மட்டும் சரியான வேகத்தில் ஓடும். இரண்டும் ஒட்டாது.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். படப்பிடிப்பில் பாட்டையே இரட்டை வேகத்தில் ஒலிக்கவிடுவது. போலந்தில் பிறந்து ஸ்விட்சர்லாந்தில் வேலை செய்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் உருவாக்கிய நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி நம் படப்பிடிப்புத் தளங்களுக்கும் வந்து சேர்ந்தது. பாட்டை ஒலிக்கவிடும் வேலையையும் அது பார்த்தது. வேகம் இரட்டிப்பானால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். கம்பீரமான குரல் எலிக்குஞ்சு கீச்சிடுவது போல ஒலிக்கும். வெயிலில் நிற்கும் நாயகியும் நாயகனும் அந்தக் கீச்சுக் குரலுக்கு முகத்தில் காதலோடு, இரட்டை வேகத்தில் வாயசைக்க வேண்டும். திரையில் பார்க்கும்போது உடம்பு மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு பிசகாமல் ஒட்டும். அந்தக் கனவு போன்ற அழகுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கேலிக்கூத்துதான்.

இது வேகமாக ஓடும் கேமரா இருப்பவர்களுக்கு. 1977-ல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்தபோது ஒளிப்பதிவு பி.எஸ். நிவாஸ். கையில் காசு குறைவு. மெதுவோட்டக் கேமராவை வாடகைக்கு எடுக்க வழியில்லாமல், ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி ஒரு பாட்டை எடுத்தார்கள் என்பது திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. கேமரா செய்ய வேண்டியதை ஒரு பெண்ணின் கால்கள் செய்தன. அந்தப் பாட்டை இத்தனை வருடம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரிந்தது?

மூன்றாவது வகை எங்கள் சித்தியுடையது. கல்யாண வீடியோக்காரர் இரட்டை வேகத்தில் எதையும் எடுக்கவில்லை. அவர் கேமராவில் அந்த வசதியே கிடையாது. கேசட்டை டெக்கில் மெதுவாக ஓட்டி, அதை இன்னொரு கேசட்டில் பதிவு செய்துகொண்டார். இல்லாத கட்டங்களை டெக்கு எங்கிருந்து கொண்டு வரும்? இருக்கிற கட்டத்தையே மூன்று நான்கு தரம் திருப்பித் திருப்பிக் காட்டியது. அதனால்தான் சித்தி மிதக்கவில்லை, தத்தித் தத்தி வந்தாள். பார்த்தவுடன் சினிமா போல இருக்கிறது என்றும், அடுத்த நொடியே சினிமா இல்லை என்றும் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கட்டக் கணக்குதான்.

தாளத்துக்கு எத்தனை கட்டம்?

கட்டக் கணக்கு என்றால் எடிட்டர்தான் வாத்தியார். ஒரு நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் அரை நொடி. அதாவது 12 கட்டங்கள். 96 தட்டு விழும் பாட்டில் 15 கட்டங்கள். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள் இருக்கும். ஆக, நாலு நிமிடப் பாட்டு என்பது 5,760 கட்டங்கள், 360 அடி. எடிட்டர் ஒலிச் சுருளை மேசையில் முன்னும் பின்னும் இழுத்துக் கேட்டு, தட்டு விழுகிற இடத்தில் கிரீஸ் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். பிறகு படச்சுருளை அந்தக் கோட்டுக்கு வெட்டி ஒட்டுவார். ஜக்கார்டு அட்டையில் எந்தத் துளை எங்கே விழ வேண்டும் என்று கட்டத்தாளில் எண்ணுகிறவருக்கு இந்த வேலை அந்நியமாகப் படாது.

சரியாகத் தட்டு விழும் இடத்தில் வெட்டுவது ஒரு முறை. அதையே நாலு நிமிடமும் செய்தால் அலுத்துவிடும். கைதேர்ந்தவர்கள் சில இடத்தில் ஓரிரு கட்டம் முந்தி வெட்டுவார்கள், கண் சுதாரித்துக்கொள்ள நேரம் கொடுப்பதற்காக. சில இடத்தில் தட்டை விழவிட்டுக் கடந்து போவார்கள். ஆடுகிறவரின் கால் தரையைத் தொடும்போது வெட்டினால் ஒரு வேகம். கால் பாதி தூக்கியிருக்கும்போது வெட்டி, அடுத்த ஷாட்டில் வேறு இடத்தில் அது இறங்கினால் வேறு வேகம். இரண்டு ஊரையும் அந்த ஒரு கால் தைத்துவிடும்.

இந்தக் கலையைத் தமிழில் 1988 சித்திரைக்கு முன், பின் என்று பிரிக்கலாம். அந்தப் புத்தாண்டுக்கு வந்த மணிரத்னத்தின் ‘அக்னி நட்சத்திரம்’ படத்துக்கு ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், படத்தொகுப்பு பி. லெனின் – வி.டி. விஜயன். அமெரிக்காவில் 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய பாட்டுச் சேனலான எம்.டி.வி. இந்திய வீடுகளுக்கு செயற்கைக்கோள் வழியாக வந்தது 1991-க்குப் பிறகுதான். அதற்கு முன்பே மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ போன்றவை கேசட்டாக இங்கே வந்துவிட்டன. அவற்றைப் பார்த்துப் பழகிய நகரத்து இளைஞர்களுக்கு ‘அக்னி நட்சத்திர’த்துப் பாட்டுகள், இது நம்மாலும் முடியும் என்று காட்டின. முகத்துக்கு நேரே இருந்த விளக்கு முதுகுக்குப் பின்னால் போனது. புகை வந்தது. லென்சுக்குள் நேராக வெளிச்சம் பாய்ந்து சிதறியது. ஷாட்டுகள் கண் இமைப்பதற்குள் மாறின. அதன் ஆட்டக்காரர் கூட்டத்தில் ஒல்லியாக ஒரு பையன் வருவான். அவர்தான் பிரபுதேவா.

தயாரிப்பு முறையில் அதற்குள் பழகிப்போயிருந்த ஒரு நம்பிக்கையை அந்தப் பாட்டுகள் உடைத்தன. எல்லாவற்றையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற நம்பிக்கை. நாயகன் முகம் பாதி இருட்டில் இருக்கலாம், விளிம்பு மட்டும் எரியலாம் என்று ஆனது. ஆறு வருடம் கழித்து, 1994-ல் ஷங்கரின் ‘காதலன்’ இன்னொரு நம்பிக்கையை உடைத்தது. ஆடுகிறவரின் முகமும் கைகளும் மறைந்து தொப்பியும் சட்டையும் மட்டும் ஆடின. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் படத்தொகுப்புக்காக லெனின் – விஜயனும், சிறப்புத் தோற்றங்களுக்காக வெங்கியும் அந்தப் படத்துக்குப் பரிசு பெற்றார்கள்.

பட்டுக்கும் கேமராவுக்கும் ஆகாது

இப்போது மறுபடி எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுக்கு வருவோம். அந்தக் காலத்து வீடியோக்காரர் தோளில் பானசோனிக் கேமரா. பக்கத்தில் ஆயிரம் வாட் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன். பொண்ணு மாப்பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் தவிப்பார்கள்.

பட்டு இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறத்தாழ முக்கோணமாக இருக்கும். பட்டைக் கண்ணாடி போல அது ஒளியை உடைத்துத் திருப்புவதால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு. மயில்கழுத்துச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேரே பார்த்தால் நீலம், சாய்ந்து பார்த்தால் பச்சை. அதாவது பட்டின் அழகு தெரிய வேண்டுமென்றால் ஒன்று சேலை அசைய வேண்டும், இல்லையென்றால் பார்க்கும் கண் நகர வேண்டும். சினிமாவில் ரவுண்டு டிராலி போட்டு ஜோடியைச் சுற்றிக் கேமராவை ஓட்டுவது இதற்கும் உதவியது. ஜரிகையின் மினுக்கைச் சிறு நட்சத்திரமாகத் தெறிக்கவைக்கும் ஸ்டார் ஃபில்டர் என்ற கண்ணாடியும் லென்சுக்கு முன்னால் ஏறியது.

கல்யாண வீட்டில் டிராலிக்கு இடமேது? விளக்கு நேர் முன்னாலிருந்து விழுந்தது. ஜரிகை வெள்ளையாக எரிந்துபோனது. வி.எச்.எஸ். நாடா வெளிச்சத்தைப் பதிவு செய்கிற நுணுக்கத்தில் ஆறில் ஒரு பங்குதான் நிறத்துக்குக் கொடுக்கும். அதனால் அரக்கு நிறம் சேலையின் விளிம்பைத் தாண்டி வழிந்து சித்தியின் கைமேல் படர்ந்திருந்தது. சித்தப்பாவின் அப்பா இருபது நாள் தறியில் உட்கார்ந்து நெய்த சேலை. அதில் இருந்த கரை வேலையைக் கேசட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு டெக்கும் ஒரு மிக்ஸரும்

அந்த வீடியோக்காரர் இப்போதும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார். தேடிப் போய்ப் பார்த்தேன். எப்படிச் செய்தார் என்பதைக் கை அசைவோடு விளக்கினார்.

ஒரு டெக்கில் கல்யாணத்தில் எடுத்த கேசட் ஓடும். இன்னொரு டெக்கு பதிவு செய்யும். நடுவில் மிக்ஸர். இதயம், நட்சத்திரம், திரை விலகுவது, படம் நாலாகப் பிரிவது எல்லாம் அந்த மிக்ஸரின் பொத்தான்களில் தயாராக இருந்தன. ஜப்பானில் செய்த பொத்தான்கள், கண்ணமங்கலத்துத் தாலிகள். சினிமாக்காரர் படச்சுருளை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஒட்டலாம். டெக்கில் அப்படி முடியாது. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு தப்பு தெரிந்து நடுவில் ஒரு காட்சியைச் சேர்க்க வேண்டும் என்றால், அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை பதிவாகும்போதும் படம் கொஞ்சம் மங்கும்.

தாளத்துக்கு வெட்டுவது இன்னும் கஷ்டம். நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 கட்டம். 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டரைக் கட்டம் வரும். அரைக் கட்டத்தை எங்கே வெட்டுவது? போதாக்குறைக்கு, இரண்டு டெக்குகளின் பாஸ் பொத்தானையும் ஒரே நேரத்தில் விடும் விரல் சாமர்த்தியத்தில்தான் எல்லாம் நின்றது. கேசட்டில் வெட்டுகள் தாளத்துக்கு ஒரு மூச்சு முன்னும் பின்னுமாக விழுவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வேலையின் வரிசை. வசதியுள்ள டெக்கில் முதலில் வெற்று கேசட் முழுவதும் கறுப்பைப் பதிவு செய்துகொள்வாராம். அடுத்து பாட்டு. கடைசியாக, பாட்டைத் தொடாமல் அதன்மேல் படத்தை மட்டும் இடம் இடமாகப் பொருத்துவார். பாட்டுதான் பாவு. நிதின் போஸ் 1935-ல் திருப்பிப் போட்ட அதே வரிசை, வட ஆற்காட்டின் ஒரு சந்தில், இரண்டு டெக்குகளுக்கு நடுவில்.

ஒரே ஒரு வித்தியாசம். சினிமாவில் நடிகையின் உதட்டுக்கு இன்னொருவரின் குரலை வைத்தார்கள். நடிகைக்கு அங்கே இழப்பு எதுவும் இல்லை, அவள் வாயசைக்கத்தான் வந்தாள். பாட்டி வாயசைக்க வரவில்லை. அவள் பேசினாள். அந்தப் பேச்சை அழித்துவிட்டுத்தான் அங்கே பாட்டு வந்தது.

“அண்ணே, முதல்ல எடுத்த கேசட்ல பாட்டி பேசினது இருந்திருக்குமே?” என்று கேட்டேன்.

“கண்டிப்பா இருந்திருக்கும். கேமராலயே மைக்கு இருக்குதே. ஆனா மாஸ்டரு எல்லாம் எங்க வெச்சிகினு இருப்போம்? அதுமேலயே அடுத்த கல்யாணத்த எடுத்துடுவோம். கேசட்டு வெல அப்படி.”

அடுத்த கல்யாணம் யாருடையது என்று அவருக்கு நினைவில்லை. பாட்டியின் பேச்சுக்கு மேல் வேறு யாரோ ஒரு பாட்டி பேசியிருப்பாள். அதன் மேலும் ஒரு பாட்டு ஏறியிருக்கும்.

இன்றைக்கு

இப்போது எங்கள் ஊர்க் கல்யாணங்களில் டிரோன் பறக்கிறது. நடுங்காத கைப்பிடியில் கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது. மயில்கழுத்தின் இரண்டு நிறமும் தெரிகின்றன. நொடிக்கு 120 கட்டம் எடுக்கும் கேமராவை மாதத் தவணையில் வாங்கிவிடுகிறார்கள். சித்தியின் மகள் நிச்சயதார்த்தத்தில் நடந்து வந்தபோது உண்மையிலேயே மிதந்தாள். கணினியில் பாட்டு ஒரு பச்சை அலையாகத் தெரிகிறது. தட்டு விழும் இடம் மேடாக எழும்புகிறது. எடிட்டர் அந்த மேட்டில் குறி வைத்து வெட்டுகிறார். லெனினும் விஜயனும் கிரீஸ் பென்சிலால் போட்ட அதே கோடுதான்.

மாறாதது வரிசைதான். போனில் ரீல்ஸ் போடுகிற பிள்ளையும் முதலில் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறது. எடுத்த படத்தில் இருந்த ஒலி முதல் வேலையாக அணைக்கப்படுகிறது.

இதில் தப்பில்லை. பாட்டுக்காகப் படம் எடுப்பது நம் ஆட்கள் நன்றாகக் கற்றுத் தேர்ந்த கலை. அந்தக் கலையைத்தான் பதினோரு வாரமாக ரசித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வீட்டுக் கல்யாணம் சினிமா இல்லை. அங்கே பேசுகிறவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வி.எச்.எஸ். டெக்குகளைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்குகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. ஈரமான பரணில் கிடக்கும் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்கிறது. பூஞ்சை படர்ந்த கேசட்டை அப்படியே டெக்கில் போடாதீர்கள், நாடாவும் கெடும், டெக்கும் கெடும். துடைத்துத் தரத் தெரிந்தவரிடம் கொடுத்து, கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டுப் போட்ட கேசட்டோடு நிற்காமல், பாட்டுப் போடாத மாஸ்டர் கேசட் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். சில வீடுகளில் கூடுதல் பணம் கொடுத்து அதையும் வாங்கி வைத்திருப்பார்கள். இந்தத் தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், எடிட் செய்த படத்தோடு எடிட் செய்யாத பதிவையும் ஒலியோடு கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் அது இல்லை. உங்கள் வீட்டில் இருக்கலாம்.

(தொடரும்)